கடைசி அட்டை வரும் வரை

1968 ஏப்ரல் 14. அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45-வது பிறந்தநாள். முந்தைய ஆண்டுதான் பிரிட்டிஷ் ஓபனை வென்றிருந்தார். 17-வது குழியை அவர் மூன்றே அடிகளில் முடித்ததை ஊரே பார்த்தது. ஆனால் அவருடைய எண்ணிக்கை அட்டையை எழுதும் பொறுப்பில் இருந்த, கூட ஆடிய டாமி ஆரன் அதில் 4 என்று எழுதிவிட்டார். கடைசிக் குழியில் ஓர் அடி கூடிப்போன வருத்தத்தில் இருந்த டி விசென்சோ, அட்டையைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று அவர் அடித்தது 65. அட்டையில் இருந்தது 66. கையெழுத்திட்ட அட்டையில் எண் கூடுதலாக இருந்தால் கூடுதலான எண்ணே நிற்கும் என்பது விதி. பாப் கோல்பி 277, டி விசென்சோ 278 என்று கணக்கு முடிந்தது. மறுநாள் இருவரும் மீண்டும் மோதி முடிவு கண்டிருக்க வேண்டிய ஆட்டம் நடக்கவே இல்லை.

பள்ளி மாணவர்களுக்கு கோல்ஃப் போட்டி நடத்த வேண்டும் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு இந்த அட்டைதான் நினைவுக்கு வருகிறது. உலகின் பெரிய மேடையில் நின்று பழகியவருக்கே அந்த நேரத்தில் கண் தவறியது. முதன்முதலாக அட்டையும் பென்சிலும் கையில் வாங்கும் 8-ம் வகுப்புப் பிள்ளைக்கு என்னவெல்லாம் தவறலாம்! பந்து தொலையலாம், எண்ணிக்கை மறக்கலாம், பின்னால் வரும் குழு காத்திருப்பதைப் பார்த்துப் பதறலாம். பாதியிலேயே மட்டையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றும் தோன்றலாம்.

ஒரு பள்ளிப் போட்டியை அலசும்போது எல்லோரும் முதலிடத்தைப் பார்க்கிறார்கள். நான் கடைசி இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். கடைசியாக வந்த பிள்ளை எல்லாக் குழிகளையும் ஆடி முடித்து, சரியான அட்டையில் கையெழுத்திட்டு, அடுத்த போட்டி எப்போது என்று கேட்டுவிட்டுப் போனால் அந்தப் போட்டி நன்றாக நடந்திருக்கிறது. முதல் பரிசு வாங்கும் பிள்ளையை அதன் திறமை பார்த்துக்கொள்ளும். கடைசிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் போட்டியை அமைப்பவர்கள். அந்த அமைப்பின் பெரும்பகுதி முதல் பந்து கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது.

நாற்பது விநாடிக் கணக்கு

சென்னையிலும் கோவையிலும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கோல்ஃப் களங்கள் இருக்கின்றன. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-லேயே தொடங்கியது. ஆக நம் பள்ளிகளுக்கு முதல் தடை புல்வெளிப் பஞ்சம் என்று சொல்ல மாட்டேன். களத்தை ஒரு காலைப்பொழுதுக்குக் கேட்டு வாங்கிவிடலாம். அந்தக் காலைப்பொழுதுக்குள் எத்தனை பிள்ளைகளை ஆடவைக்க முடியும் என்பதுதான் சிக்கல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வோர் அடியையும் 40 விநாடிக்குள் அடிப்பது நல்லது என்று கோல்ஃப் விதிகளே பரிந்துரைக்கின்றன. புதிதாக ஆடும் பிள்ளை ஒரு குழிக்குப் பத்து அடி எடுப்பது சாதாரணம். ஒரு குழுவில் நான்கு பேர். நான்கு பேருக்கும் பத்துப் பத்து அடி, அடிக்கு 40 விநாடி என்றால் 1,600 விநாடி, ஏறக்குறைய 27 நிமிடம். ஒன்பது குழிக்கு நான்கு மணி நேரம். இதில் நடக்கும் நேரமும் பந்து தேடும் நேரமும் சேரவில்லை. ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்து மணி வெயில் தலைக்கு மேல் நிற்கும்போதும் பிள்ளைகள் புதருக்குள் பந்து தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு 2019-ல் வந்த விதிமாற்றம் ஒரு கை கொடுக்கிறது. ஒரு குழிக்கு இத்தனை அடிதான் உச்சம் என்று போட்டிக் குழுவே வரம்பு வைக்கும் ஆட்டமுறைக்கு அந்த ஆண்டு முதல் விதிப்புத்தகத்தில் இடம் உண்டு. நான்கு அடியில் முடிப்பதே இலக்கான பார் 4 குழிக்கு உச்சம் 8 என்று வைத்தால், எட்டைத் தொட்ட பிள்ளை பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். தகுதிநீக்கமும் இல்லை, தலைகுனிவும் இல்லை. அதே கணக்கைத் திரும்பப் போட்டால், எல்லோரும் உச்சத்தைத் தொட்டால்கூட ஒரு குழிக்கு 21 நிமிடம் 20 விநாடி. ஒன்பது குழிக்கு 3 மணி 12 நிமிடம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் மிச்சம்.

ஸ்டேபிள்ஃபோர்டு முறையும் இதே வேலையைச் செய்யும். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்பவர் வகுத்த இந்த முறையில் அடிகளைக் கூட்டுவதில்லை, புள்ளிகளைக் கூட்டுகிறோம். பார் எடுத்தால் 2, பாருக்கு ஓர் அடி கூடினால் 1, ஓர் அடி குறைந்தால் 3. இரண்டு அடியோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம், அவ்வளவுதான். ஒரு குழியில் சொதப்பியது அடுத்த குழிக்குக் கூடவே வராது. ஆனால் முதல் போட்டிக்கு நான் உச்ச வரம்பு முறையையே தேர்ந்தெடுப்பேன். புதிய பிள்ளைக்குப் பாதிக் குழிகளில் பூஜ்யம் விழுந்தால் அட்டையே காலியாகத் தெரியும். எட்டு என்பது குறைந்தபட்சம் ஓர் எண். அடுத்த மாதம் அதை ஏழாக்க முடியும்.

இரண்டு பேர், ஒரு பந்து, ஒரு பை

நேரத்தை விடப் பெரிய தடை மட்டைப் பை. ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். தொடங்கும் பிள்ளைக்கு ஆறேழு போதும் என்றாலும் அந்த ஆறேழுக்கே பணம் வேண்டும். பள்ளியில் ஆறு பேர் ஆட வந்து, இருப்பது மூன்று பை என்றால் என்ன செய்வது? ஒருவர் அடித்துவிட்டு மற்றவருக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். தனிநபர் போட்டியில் அது தண்டனைக்குரிய தவறு. எதிராளியின் மட்டையை இரவல் வாங்கி அடிக்க விதி இடம் தராது. நல்ல மனதோடு ஒரு பிள்ளை கொடுத்தாலும், வாங்கி அடித்த பிள்ளைக்கு முதல் நாளிலேயே தண்டனை அடி எழுத நேரும்.

இதற்கான விடை விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. ரைடர் கோப்பை அணிப் போட்டியில் பார்த்திருப்பீர்கள், ஃபோர்சம்ஸ் என்ற இணையாட்டம். இருவர் ஓரணி. இருவருக்கும் ஒரே பந்து. ஒருவர் அடித்தால் அடுத்த அடி இணையுடையது. ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவர் முதல் அடி அடித்தால் இரட்டைப்படைக் குழிகளில் மற்றவர். முக்கியமான செய்தி இதுதான்: இணைகள் தங்களுக்குள் மட்டையைப் பகிர்ந்துகொள்ளலாம். இருவரிடமும் சேர்த்து 14-க்கு மேல் போகக் கூடாது, அவ்வளவே. பதினெட்டுப் பை இருந்தால் 36 பிள்ளைகள் ஆடலாம்.

நேரமும் பாதியாகிறது. நான்கு பேர் குழுவில் இப்போது இரண்டே பந்து. உச்சம் எட்டு என்றால் ஒரு குழிக்கு 10 நிமிடம் 40 விநாடி, ஒன்பது குழிக்கு 96 நிமிடம். நடையையும் தேடலையும் சேர்த்தாலும் இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். காலை ஆறரைக்குத் தொடங்கிய பிள்ளை ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிடும்.

இந்த முறையை நான் இவ்வளவு விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோல்ஃப் மிகத் தனிமையான விளையாட்டு. கிரிக்கெட்டில் டக் அவுட் ஆனால் ஃபீல்டிங்கில் ஒரு கேட்ச் பிடித்து ஈடுகட்டலாம். கோல்ஃபில் மோசமான அடிக்குப் பிறகு உங்களோடு நடந்துவர யாரும் இல்லை. இணையாட்டத்தில் இருக்கிறார். நீங்கள் மணல்குழியில் தள்ளிய பந்தை அவர்தான் வெளியே எடுக்க வேண்டும். அவர் கொடி நிற்கும் கிரீனில் குழிக்கு அருகே போட்ட பந்தை நீங்கள் உள்ளே தட்டிவிட வேண்டும். மன்னிப்புக் கேட்கவும் மன்னிக்கவும் பழகுவதற்கு இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை.

ஆறு பள்ளி, பதினெட்டு இணை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளி கோல்ஃப் ஓர் அணி விளையாட்டு. ஐந்து பேர் ஆடுவார்கள், நல்ல நான்கு எண்ணிக்கை மட்டும் அணிக் கணக்கில் சேரும். ஜோர்டன் ஸ்பீத், ஸ்காட்டி ஷெஃப்லர் இருவரும் டல்லாஸில் பள்ளி அணிகளுக்கு ஆடி வளர்ந்தவர்கள்தான். அந்த ஐந்தாவது இடத்தின் அழகை நாம் கவனிக்க வேண்டும். புதியவரை அணியில் சேர்த்தால் அணி தோற்றுவிடும் என்ற பயம் பயிற்சியாளருக்கு இல்லை. புதியவரின் அன்றைய ஆட்டம் சரியாக அமையாவிட்டால் அந்த எண் கணக்கில் வராது. நன்றாக அமைந்துவிட்டால் அணியையே தூக்கிவிடும்.

இதை நம் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு பள்ளிக்கு ஆறு பேர், அதாவது மூன்று இணை. நல்ல இரண்டு இணையின் எண்ணிக்கை சேரும். ஆறு பள்ளி வந்தால் 36 பேர், 18 இணை. ஒன்பது குழிக் களத்தில் குழிக்கு இரண்டு இணையை நிறுத்தி, ஒரே நேரத்தில் எல்லோரையும் தொடங்கவைத்தால் களம் கச்சிதமாக நிறைகிறது. இதற்கு ஷாட்கன் தொடக்கம் என்று பெயர். முதல் குழியின் தொடக்க இடமான டீயிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு குழு என்று வரிசையாக அனுப்பினால் ஒன்பதாவது குழு 80 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைகளை அப்படிக் காக்கவைத்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே உற்சாகம் வடிந்துவிடும்.

ஒரே குழியில் நிற்கும் இரண்டு இணையும் வெவ்வேறு பள்ளியாக இருக்க வேண்டும். ஒரு பள்ளியின் அட்டையை இன்னொரு பள்ளிதான் எழுதும். மூன்று இணையில் குறைந்தது ஒன்றிலாவது மாணவியர் இருந்தாக வேண்டும் என்று முதல் ஆண்டிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில் எல்லாம் பெண் பிள்ளைகள் பார்வையாளர்களாகவே நின்றுவிட்டார்கள்.

டீயை முன்னால் கொண்டுவாருங்கள்

பெரியவர்கள் அடிக்கும் டீயிலிருந்து பிள்ளைகளை அடிக்கவைப்பது, பெரியவர் செருப்பைப் போட்டு ஓடச் சொல்வது போன்றது. அமெரிக்க கோல்ஃப் அமைப்புகள் 2011-ல் தொடங்கிய ஓர் இயக்கம் இதற்கு எளிய அளவுகோல் தந்தது. டிரைவர் மட்டையால் 200 கெஜம் அடிப்பவருக்கு 18 குழிக் களத்தின் மொத்த நீளம் 5,200 முதல் 5,400 கெஜம் போதும். 150 கெஜம் அடிப்பவருக்கு 3,500 முதல் 3,700 போதும். ஒன்பது குழிக்கு இதில் பாதி. பெரும்பாலான களங்களில் இவ்வளவு முன்னால் நிலையான டீ இருக்காது. தேவையும் இல்லை. ஃபேர்வே எனும் வெட்டிய புல்பாதையில் சமதரையான இடம் பார்த்து இரண்டு வண்ணக் குறிகளை ஊன்றினால் அதுதான் டீ. முந்தின நாள் மாலை பயிற்சியாளர் ஒருவர் ஒரு மணி நேரம் நடந்தால் வேலை முடிந்தது.

குழியின் இடமும் அப்படியே. கிரீனின் நடுவில், சரிவில்லாத இடத்தில் குழி வெட்டச் சொல்லுங்கள். கிரீனில் பந்து நான்கு தட்டில் விழுமா, இரண்டு தட்டில் விழுமா என்பது அன்று களப் பராமரிப்பாளரின் கையில்தான் இருக்கிறது.

பந்து தொலைந்தால் திரும்பிப்போய் மறுபடி அடிக்க வேண்டும் என்ற விதிக்கும் மாற்று உண்டு. பந்து போன இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரத்தில், இரண்டு தண்டனை அடியோடு புதுப் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்று போட்டிக் குழு களவிதி எழுதிக்கொள்ள 2019 முதல் அனுமதி இருக்கிறது. பந்து தேடும் நேரமும் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டது. பள்ளிப் போட்டிக்கு இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு அட்டையின் பின்புறம் ஒட்ட வேண்டும், தமிழில்.

நாளும் வானமும்

மார்ச் பொதுத்தேர்வு. ஏப்ரல், மே வெயில். செப்டம்பர் காலாண்டு, டிசம்பர் அரையாண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சமவெளிக்கு மிஞ்சுவது ஜூலை, ஆகஸ்டின் சனிக்கிழமைக் காலைகளும், தேர்வு எழுதாத வகுப்புகளுக்கு ஜனவரியும்தான். நீலகிரியில் ஜூலை தென்மேற்கு மழைக்காலம், அங்கே ஜனவரியே நல்லது. சென்னைப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் இடி பெரும்பாலும் மாலையில் வரும். அதனாலும் காலை ஆட்டமே பாதுகாப்பு.

இருந்தாலும் இடிக்கு ஏற்பாடு இல்லாமல் போட்டி நடத்தக் கூடாது. திறந்த வெளியில், கையில் உலோக மட்டையோடு நிற்கும் பிள்ளைகள் அவர்கள். நீண்ட ஒற்றைச் சைரன் ஒலித்தால் அந்த நொடியே ஆட்டம் நிற்கும், பாதி அடியில் இருந்தாலும் மட்டையைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டு குறுகிய ஒலி வந்தால் மீண்டும் தொடக்கம். தொடங்கும் முன் ஒருமுறை ஒலிக்கவிட்டுக் காட்டுங்கள். பந்து யார் பக்கமாவது போனால் “ஃபோர்!” என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள். கூச்சப்படும் பிள்ளைகளை நான்கு முறை கத்தவைத்துப் பழக்குங்கள். களத்தில் சத்தம் போடக் கூடாது என்ற ஒழுக்கத்துக்கு உள்ள ஒரே விலக்கு அது.

அம்மா அப்பா எங்கே நிற்பது?

2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் அதிதி அசோக் ஆடியபோது அவருக்கு 18 வயது. பள்ளிப் படிப்பை முடித்ததும் அதே ஆண்டுதான். ரியோவில் அவருக்கு கேடியாகப் பையைச் சுமந்தவர் அப்பா. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் வந்தாரே, அப்போது பையைச் சுமந்தவர் அம்மா. அந்தக் குடும்பத்தின் உழைப்பை நான் வணங்குகிறேன்.

ஆனால் பள்ளிப் போட்டியில் பெற்றோர் கேடியாக வருவதை அனுமதிக்கக் கூடாது. ஆடும் இணையைத் தவிர, பொதுவாகக் கேடிக்கு மட்டுமே ஆலோசனை சொல்லும் உரிமை உண்டு. கோல்ஃப் தெரிந்த அப்பா கூட நடந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒவ்வோர் அடிக்கும் ஆசிரியர் இருக்கிறார். சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் அப்பாவின் பிள்ளைக்கு யார் இருக்கிறார்? கேடி கிடையாது என்று களவிதி எழுத போட்டிக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. வரும் பெற்றோரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கொடி கொடுத்து, தங்கள் பிள்ளை ஆடாத குழியில் பந்து விழும் இடத்தைக் கவனிக்க நிறுத்துங்கள். ஒன்பது குழிக்கு ஒன்பது பேர் கிடைத்துவிடுவார்கள். ஊரார் பிள்ளையின் பந்தைத் தேடிக் கொடுக்கும்போது தன் பிள்ளை மீதான பதற்றமும் கொஞ்சம் அடங்கும்.

கேடி என்ற சொல்லோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2009-ல் இந்தியன் ஓபனை வென்ற பெங்களூரின் சி. முனியப்பா, கேடியாகப் பை சுமந்து இந்த விளையாட்டுக்குள் வந்தவர். களத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், கேடிகளின் வீடுகளில் வளரும் பிள்ளைகள் பலர் அருகிலுள்ள அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். புல்லின் போக்கை நம் பயிற்சியாளர்களை விட நன்றாக அறிந்த வீடுகள் அவை. ஆறு பள்ளிகளை அழைக்கும்போது அவற்றில் குறைந்தது இரண்டு அந்த அரசுப் பள்ளிகளாக இருக்கட்டும். பதினெட்டுப் பையும் பொதுவில் இருக்கட்டும். பை இல்லாததால் ஒரு பிள்ளை வராமல் போனால் அது அந்தப் பிள்ளையின் குறையாகாது, போட்டி அமைப்பின் குறை.

அட்டை மேசை

இனி அகஸ்டாவுக்குத் திரும்புவோம். அன்று அட்டை கொடுக்கும் மேசை திறந்தவெளியில், கூட்டத்துக்கு அருகில் இருந்தது. ஆட்டம் முடிந்த களைப்பிலும் ஆரவாரத்திலும் எண்ணைப் பார் என்று ஒருவர் நிதானமாகச் சொல்லியிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும்.

பள்ளிப் போட்டியில் அந்த ஒருவரை நாம் நியமிக்கலாம். நிழலில் ஒரு மேசை, நான்கு நாற்காலி, தண்ணீர், கூர் சீவிய பென்சில்கள். எழுதிய இணையும் ஆடிய இணையும் எதிரெதிரே உட்கார வேண்டும். எழுதியவர் ஒவ்வொரு குழியாக உரக்கப் படிப்பார்: ஒன்றாம் குழி ஆறு, இரண்டாம் குழி எட்டு. ஆடியவர்கள் இருவரும் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொன்ன பிறகே கையெழுத்து. கூட்டிப் போடுவது பிள்ளைகளின் பொறுப்பு அல்ல, போட்டிக் குழுவின் பொறுப்பு. குழிக்குக் குழி எண் சரியாக இருந்தால் போதும். உண்மையை விடக் குறைவான எண்ணில் கையெழுத்திட்டால் தகுதிநீக்கம் என்பதால் இந்த இரண்டு நிமிடத்தை யாருக்காகவும் குறைக்கக் கூடாது. கையெழுத்தையே மறந்துவிட்டால் தகுதிநீக்கத்துக்குப் பதில் இரண்டு தண்டனை அடி என்று மாற்றிக்கொள்ள இப்போது மாதிரிக் களவிதி உண்டு. பள்ளிகள் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

சமநிலை வந்தால் எந்தக் குழிகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்போம் என்பதையும் முன்கூட்டியே அட்டையில் அச்சிட வேண்டும். ஒவ்வொரு குழுவும் வேறு வேறு குழியில் தொடங்கியிருப்பதால் ‘கடைசி மூன்று’ என்றால் ஆடிய வரிசையா, குழி எண்ணின் வரிசையா என்ற சண்டை வரும். ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணையே எழுதிவிட்டால் தீர்ந்தது.

இந்த மேசையில் உட்காருபவருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். முதல் அட்டைகள் வந்து, வெல்லப்போவது யார் என்று தெரிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பரிசளிப்புக்கு மேடையில் ஆட்கள் கூடியிருப்பார்கள், விருந்தினர் கடிகாரம் பார்ப்பார். அப்போதுதான் ஏழாம் குழியிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஒரே பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் அட்டையில் எட்டு எட்டாக நிற்கும், நடுவே எங்கோ ஒரு நான்கு இருக்கும். அந்த நான்கையும் மற்ற எண்களைப் போலவே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இருவரும் ஆமாம் சொல்லட்டும். கையெழுத்துப் போடட்டும். பிறகு மேடைக்குப் போகலாம்.